திட்டும்போது வரும் சிரிப்பு

நவம்பர் 18, செவ்வாய். மரீபா மாந்தோட்டம், ஆஸ்திரேலியா.

இன்று கங்காணி நெவிலிடம் திட்டு வாங்கினேன். மாங்காயைக் காம்பு ஒட்ட வெட்டிவிட்டேன். பால் பீய்ச்சி ஒரு கூடைக் காய் மேல் வழிந்தது. நாளைக்கே தோல் கறுத்துவிடும். தப்பு என்னுடையதுதான். தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

"என்ன சிரிப்பு? நான் என்ன ஜோக்கா சொல்றேன்?"

இன்னும் அதிகமாகச் சிரிப்பு வந்தது. நான் என்ன செய்ய?

நவம்பர் 19

எங்கள் தீவுக்காரர் கல்மெட் அண்ணன் வந்து சொன்னார்: "லெய்சாலே, நீ கிண்டல் பண்றேன்னு அந்தாளு நெனைக்கிறாரு. இன்னொரு தடவை சிரிச்சா அடுத்த வருஷம் வேலைக்குக் கூப்பிடுற பட்டியல்ல உன் பேர் இருக்காதாம்."

கிண்டலா? எங்கள் வனுவாட்டுவில் பெரியவர் திட்டும்போது சிரிக்காமல் நிற்பவள்தான் திமிர் பிடித்தவள். 'வெட்கமாக இருக்கிறது, கோபத்தை விட்டுவிடுங்கள்' — அந்தச் சிரிப்புக்கு அவ்வளவுதான் அர்த்தம். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? சொல்லும்போதே சிரிப்பு வந்து தொலைக்கும்.

புயல் பிய்த்துப் போட்ட வீட்டுக்குக் கூரை பாதிதான் ஏறியிருக்கிறது. அடுத்த வருஷமும் வந்தே ஆகவேண்டும்.

நவம்பர் 20

சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். சிரித்தால் ரத்த அழுத்தம் குறையுமாம், பக்கத்தில் இருப்பவருக்கும் மனசு லேசாகுமாம். நெவில் அதைப் படித்ததில்லை போல.

நவம்பர் 23, ஞாயிறு

சிரிக்காமல் நான்கு நாள். கன்னத்தை உள்பக்கம் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது. பக்கத்து வரிசைக்காரி என்னோடு பேசுவதில்லை. வீடியோ போனில் மகள் நெல்லி கேட்கிறாள்: "ஏம்மா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? எங்க மேல கோவமா?"

இல்லடி கண்ணு. இது என் மூஞ்சியே இல்ல.

டிசம்பர் 3, புதன்

நெவில் டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது நிரம்பிய தொட்டிகள் மூன்றைச் சாய்த்துவிட்டார். காயெல்லாம் மண்ணில் உருண்டது. முதலாளி அம்மா அங்கேயே நின்றிருந்தார். "கண்ணு எங்க இருந்துச்சு, நெவில்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். காது சிவந்துவிட்டது. சிரித்தார்.

எனக்குத் திக்கென்றது. அது என் சிரிப்பு.

முதலாளி அம்மா போன பிறகும் நாங்கள் யாரும் முகத்தை அசைக்கவில்லை. "யாராச்சும் சிரிங்களேன்," என்றார் நெவில். "இப்படிக் கல்லு மாதிரி நின்னா எப்படி?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"தப்பு பண்ணிட்டு சிரிக்கக் கூடாதுன்னீங்க, நெவில். இப்ப நீங்க சிரிச்சீங்களே, அன்னிக்கு நான் சிரிச்சதும் அதுதான்."

அவர் குனிந்து காய் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன்.

பட்டியல் போச்சு. ஏன்டி உனக்கு இந்த வாய்?

டிசம்பர் 8

நெவில் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போய்க் கேட்கலாமா? என்னவென்று கேட்க?

டிசம்பர் 12, வெள்ளி

நெவில் என் வரிசைக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"அடுத்த வருஷம் உன்கூட உங்க தீவுலேர்ந்து புதுசா ஆறு பேர் வராங்க."

என்கூட. ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்களும் திட்டினா சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்க."

"எவ்ளோ நேரம்?"

"நீங்க நிறுத்துற வரைக்கும்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப நான்தான் திட்டைச் சுருக்கிக்கணும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.