கண்ணாடிக்குள் நிற்கும் ஆட்கள்

3 ஆகஸ்ட் 1971, செவ்வாய்

இன்றும் சர்வே ஆபீஸ்தான். கால் உடைந்ததிலிருந்து லைட் டியூட்டி. பெங்களூர்ப் பொருட்காட்சிக்குப் போகும் எங்கள் சுரங்கத்தின் மாடலில் நிறுத்த, சுண்டுவிரல் உயர பிளாஸ்டர் ஆட்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். செங்குத்தான ஷாஃப்ட், அதில் ஆளை இறக்கும் கேஜ் கூண்டு, அடுக்கடுக்காக லெவல்கள் எல்லாம் வெட்டிக் காட்டியது போல் வெளியே தெரிகிற மாடல் அது. படம் வரைகிற சிரில், ஆஸ்திரேலியாவில் இருக்கும் அக்கா அனுப்பிய அக்ரிலிக் ட்யூபுகளைக் கொடுத்தார். வழக்கம்போல மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கினேன். திரிந்த பால்போல ஆகிவிட்டது. "தண்ணி மேன், தண்ணி!" என்று சிரில் தலையில் அடித்துக்கொண்டார். பெயிண்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நான் என்ன கண்டேன்?

5 ஆகஸ்ட்

சர்வேயர் சௌந்தரராஜன் சார் ஒரு பொம்மையை எடுத்துப் பார்த்தார். "கங்காதரன், இது ஆளா, உருளைக்கிழங்கா?" கண், மூக்கு எல்லாம் பெயிண்டில் மூழ்கியிருந்தன. கோபம் வந்தது. ஆனால் உருளைக்கிழங்குதான்.

9 ஆகஸ்ட்

பிடிபட்டுவிட்டது. நீர்மோர் பதத்துக்குக் கரைக்க வேண்டும். முதல் பூச்சு ஒன்றுமே பூசாதது போலத்தான் இருக்கும். அங்கேதான் அவசரப்பட்டு அள்ளிப் பூசிவிடுகிறோம். காயவிட்டு இன்னொன்று, அதையும் காயவிட்டு இன்னொன்று. கன்னக்குழியில் கொஞ்சம் கருப்பு, மூக்கு நுனியில் கொஞ்சம் வெளுப்பு. முகம் தானாக எழுந்து வருகிறது.

12 ஆகஸ்ட்

"இதே மாதிரி முடிச்சுக் குடு. உன்னை இங்கேயே போடச் சொல்லி எழுதறேன்" என்றார் சார். இல்லாவிட்டால் அடுத்த மாதம் டாக்டர் 'ஃபிட்' என்று எழுதுவார், திரும்ப கேஜ். எனக்குக் கீழே இறங்கப் பயம். கல் சரிந்து கால் உடைந்த அன்றிலிருந்து பயம். ரத்தினம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது?

17 ஆகஸ்ட்

பொம்மைகளுக்கு என்ன முகம் வைப்பது? தெரிந்த முகத்தை வைத்தேன், என் கேங்க் ஆட்களை. நாகேஷுடைய கம்பளிப்பூச்சி மீசை, வாசுவின் அம்மைத் தழும்பு, காத்தவராயன் மோவாயில் இருக்கும் வெள்ளைத் தேமல். சாருக்கு ஒரே சந்தோஷம், "உயிரோட இருக்கானுங்கய்யா" என்றார். ஷிப்ட் முடித்து வந்த காத்தவராயன் தன்னைக் கடைசி லெவலில் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "இன்னாடா, இங்க வந்தும் எனக்கு ஓவர்டைமா?"

18 ஆகஸ்ட்

சிரித்தவன் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். காலையில் அவன் மனைவி மணியம்மாள் வந்து நின்றாள். கூடவே நாகேஷ் வீட்டுப் பெண், வாசுவின் அம்மா.

"அண்ணே, அவுர மேல எட்த்துடு."

"பொம்மைம்மா அது."

"பொம்மைதான். நீ கண்ணு தொறந்து வெச்சுட்டியே. நாளிக்குக் கண்ணாடி போட்டு மூடிட்டா, அவுரு எப்பண்ணே மேல ஏறுவாரு?"

நானும் பன்னிரண்டு வருடம் இறங்கியவன்தான். எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

19 ஆகஸ்ட்

சுரண்டிப் பார்த்தேன். பெயிண்ட் தோல்மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டர்தான் பெயர்கிறது.

21 ஆகஸ்ட்

மேலேயே பூசுவது என்று முடிவு. கெட்டியாகப் பூசினால் மறுபடி உருளைக்கிழங்கு, வேலையும் போச்சு. தண்ணீராகக் கரைத்து, பூச்சின்மேல் பூச்சாகத் தேமலை மறைத்தேன், மீசையை மறைத்தேன். சரி, இனி யார் முகம்? யார் முகத்தை வைத்தாலும் அது யாரோ ஒருத்தியின் புருஷன்.

சவரக் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒட்டிய கன்னம், இடது புருவத்தில் தழும்பு, கத்தரித்த மீசை. எல்லாருக்கும் அதையே வைத்தேன். எனக்கு மட்டும் ஆகிவருமா? நான்தான் மேலே இருக்கப்போகிறவன் ஆயிற்றே. அப்படித்தான் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

26 ஆகஸ்ட்

மணியம்மாள் ஒவ்வொரு லெவலாகக் குனிந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

28 ஆகஸ்ட்

"பிரமாதம்" என்றார் சார். முகம் மாறியது அவர் கண்ணில் படவில்லை. கண்ணாடி போட்டு மூடியாயிற்று.

7 செப்டம்பர்

ஆர்டர் வந்துவிட்டது. இனி நிரந்தரமாக சர்வே ஆபீஸ். ரத்தினம்மாவிடம் எல்லாம் சொன்னேன், பயத்தையும். "தெரியுமே" என்றாள். "தூக்கத்துல கத்துறீங்களே." நான் பாட்டுக்கு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

12 செப்டம்பர், ஞாயிறு

மாடல் நாளை லாரி ஏறுகிறது. இன்று குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்றார்கள். ரத்தினம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மேல் லெவலிலிருந்து கடைசி லெவல் வரை பார்த்தாள். வழியில் ஆண்டர்சன்பேட்டைக் கடையில் உப்பும் காய்ந்த மிளகாயும் வாங்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கிழக்குப் பார்த்து நிற்கச் சொன்னாள். கைநிறைய உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். முடிந்தது என்று நகரப் போனேன்.

"எங்க போறீங்க? இது உங்களுக்கு. கண்ணாடிக்குள்ள கீழ கீறாங்களே, அத்தினி பேருக்கும் சுத்த வேணாமா?"

மிளகாய் நெடியில் இரண்டு பேரும் இருமினோம். இருமிக்கொண்டே ஒவ்வொருத்தனுக்காகவும் நின்றேன்.