பாய்க்குள் உன் அப்பா

அன்பு மகளே மரேதா,

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று மட்டும் கேட்காதே.

உன் அப்பா தன் நகைச்சுவைப் பத்திரிகைக்கான துணுக்குகளை முதலில் பன்றிக்குத்தான் வாசித்துக் காட்டுவார். அது தீனியை விட்டுத் தலையைத் தூக்கினால் அச்சுக்குப் போகும். 'ஊர்த்தலைவர் பேச எழுந்தால் தேவாலய மணியே கொட்டாவி விடும்' என்றதற்கு அது தலையைத் தூக்கிவிட்டது; துணுக்கும் அச்சாகிவிட்டது. உன் வருங்கால மாமனாரான தலைவர் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்.

விடியற்காலையில் உன் அப்பா, அதுதான் என் அண்ணன், தலைவர் வீட்டு வாசலுக்குப் போய், மன்னிப்புக் கேட்கும் நம் தீவு வழக்கப்படி தலையோடு பாயைப் போர்த்தி உட்கார்ந்தார். தலைவர் விலக்கினால்தான் மன்னிப்பு. காற்று முந்திக்கொள்ளாமல் பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தது நான்தான். உச்சிவெயிலில் பாய் குலுங்கியது. அண்ணன் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் வெளியே வந்தார். "உள்ள என்னடா சத்தம்?"

"அடுத்த துணுக்குங்க ஐயா. என்னைப் பத்தினது."

தலைவர் சிரித்துப் பாயை விலக்கினார். "கல்யாண விருந்துக்கு அந்தப் பன்னியைக் கொடுத்துடு."

"ஐயா, அது என் பத்திரிகை ஆசிரியருங்க."

ஆக்லாந்திலிருந்து சீக்கிரம் புறப்பட்டு வா. மேலே எழுதியதில் ஒன்று மட்டும் நான் கட்டிவிட்ட கதை. பாய்க்குள் அண்ணன் சிரிக்கவில்லை; உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

உன் சித்தப்பா