டெரல் அனுப்பாத பணம்

மார்ச் 4, செவ்வாய்

இரண்டாவது உலர்த்தி இன்றும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியின் ஈர விரிப்புகளை இழுத்து இழுத்துத் தோள் இற்றுவிட்டது. மதியம் கணக்குப் பார்க்கும் வெர்லீன் ஆபீஸ் அறையிலிருந்து வந்து, இருபதாம் தேதி வாஷிங்டன் அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றாள். அரசு மானியத்தில் வந்த சலவைக்கூடம் இது. எங்கள் இருபத்து நாலு பேரில் பதினெட்டுப் பேராவது வேலைக்குச் சேர்ந்தபோது ஏழைகளாக இருந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. காகிதத்தில் பதினேழுதான் தேறுகிறதாம்.

விட்டுப்போன அந்த ஒரு ஆள் நான்தான்.

மார்ச் 5

சோளரொட்டியைத் தொடாமல் வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

எழுதியாவது பார்க்கிறேன். சேரும் நாளில் படிவம் வாங்கியவள் வெர்லீன். சர்ச்சில் எனக்கு முன்வரிசைக்காரி. மெம்பிஸிலிருக்கும் என் மகன் டெரல் மாதாமாதம் பணம் அனுப்புகிறான் என்று அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணெதிரே வேறெப்படி எழுதுவேன்? வராத பணத்தை வருமானமென்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவன் போன் செய்தே இரண்டு வருஷமாகிறது. ஊரில் எல்லோரும் ஏழை என்று காட்டப் பொய் சொல்வார்கள். நான் வசதிக்காரி வேஷம் போட்டு மாட்டிக்கொண்டேன்.

கையெழுத்துக்கு மேலே, பொய் சொன்னால் சிறை என்று பொடி எழுத்தில் இருந்தது. அன்று அதைப் படித்தேனா? படித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சு. மானியத்தைத் திருப்பிக் கேட்டால் இயந்திரங்களை விற்க வேண்டுமாம். மெஷின் பார்க்கும் ஹாலிஸ், "யாராவது ஒருத்தர் சீக்கிரமா ஏழையாகுங்கப்பா, உங்க காரை நான் வாங்கிக்கறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மீன் ஆலை மூடியபோது ஒன்பது மாதம் வேலையில்லாமல் கிடந்தவர்கள் நாங்கள். நானும் சிரித்தேன் — வெட்கங்கெட்டவ, எப்படிடீ சிரிச்ச?

மார்ச் 14

ஆபீஸ் கதவுவரை போய்த் திரும்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். சேர்ந்த வருஷத்து வருமான வரித்தாளை மேஜையில் வைத்து, டெரல் ஒரு காசும் அனுப்பியதில்லை என்றேன். போலீஸைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். வெர்லீன் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"உன் பையனைக் காட்டிக் காட்டித்தானே என் மகன் கால்வினை ஏசினேன், மாவிஸ். கோவிச்சுக்கிட்டுப் போனவன், இப்ப நான் கூப்பிட்டா எடுக்கறதேயில்ல."

பிறகு புதிய படிவத்தை என் பக்கம் தள்ளினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

அதிகாரி என்னையும் கூப்பிட்டார். முதலில் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டார். வெட்கத்தில் என்றேன். குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவு கடிதத்தில் வரும் என்றார்.

மார்ச் 27

கடிதம் இல்லை. வெர்லீன் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கடிதம் வந்தது. பதினெட்டு என்று ஒப்புக்கொண்டார்கள். என்மேல் வழக்கு எதுவும் இல்லை. ஹாலிஸ் பாடத் தொடங்கிவிட்டான்.

வேலை முடிந்ததும் வெர்லீன் என் எதிரே வந்து நின்றாள். "உன் போன்ல கால்வினைக் கூப்பிடு. நீயே சொல்லு."

சிறைக்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. மூன்றாவது மணியில் எடுத்தான். மாவிஸ் பேசுகிறேன் என்றேன். டெரலைப் பற்றி உன் அம்மாவிடம் சொன்னதெல்லாம் பொய், அவன் எனக்கு எதுவும் தந்ததில்லை என்றேன்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டான்.

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.