வெட்டாமல் விட்ட ராஜா

அன்புள்ள உங்களுக்கு,

பாரீசில் குளிர் எப்படி? இங்கே எல்லோரும் சுகம். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மூன்றாவது ஊசியும் போட்டுவிட்டார்கள். முடி கொட்டியதைத் தங்கை ஏலோதி உங்களிடம் சொல்லியிருப்பாள். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

சதுரங்கம் மாதிரியான நம் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து ஆடுகிறோம். உங்கள் மந்திரவாதிகளைத் தாண்டி ஒருநாளும் உங்கள் ராஜாவை என்னால் நெருங்க முடிந்ததில்லை. எனக்கு உடம்புக்கு வந்ததிலிருந்து மட்டும் நீங்கள் தொடர்ந்து தோற்கிறீர்கள். நேற்று உங்கள் ராஜாவை என் டிராகனுக்கு எதிரே காவலில்லாமல் தனியாகக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள்.

"வெட்டுக்கா, ஜெயிச்சிடுவ" என்றாள் ஏலோதி.

"அவரு பாவம் பாத்துப் போடுற பிச்சைடி இது. எனக்கு வேணாம்."

டிராகனைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். உங்கள்மேல் வந்த கோபத்தில், பல நாள் கழித்து நேற்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுபோங்கள். மந்திரவாதிகளை மொத்தமாக அனுப்புங்கள். முடிந்தால் என்னைத் தோற்கடியுங்கள். நான் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன். என்னை வழியனுப்பி வைக்க இப்போதே அவசரப்படாதீர்கள்.

இப்படிக்கு,
தோற்றாலும் ஆட்டத்தை விடாத
உங்கள் மனைவி