பதினாறு அங்குலப் பரிசு

மார்ச் 4, திங்கள்

காலையில் வாசலுக்குப் போனேன். நிற்பது என் கார்தானா என்று ஒரு நொடி சந்தேகம். பம்பரெல்லாம் கீறலாக, கதவில் 'ஓட்டுநர் பயிற்சி' என்று பாதி உரிந்த எழுத்தோடு நிற்கிற அதே கிழட்டுக் கார். கீழே மட்டும் பளபளவென்று வெள்ளிச் சக்கரங்கள், கொழுகொழு டயர்கள். நேற்று நாத்தனார் "ஒரு மணி நேரம் காரைத் தாங்க அண்ணி" என்று வாங்கிப் போய்ப் பொழுது சாய்ந்து கொண்டுவந்து விட்ட காரணம் இப்போதுதான் புரிந்தது. அண்ணனும் தங்கையும் கூட்டு.

பிறந்தநாள் பரிசாம். இவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று, "எப்படி இருக்கு?" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன். பொய் இல்லை. நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளின் புருஷன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தூங்குவதில் எங்கள் தெருவுக்கே ஒரு சந்தோஷம்.

மார்ச் 5, செவ்வாய்

நர்ஸுக்குப் பாடம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு. லைசென்ஸ் காட்டினால்தான் சேர முடியும். டெஸ்ட் 22ஆம் தேதி.

காரைத் திருப்பச் சொன்னேன். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் அடியிலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அவள் பிரேக்கை ஒரே மிதி மிதித்து, "நாயா மேடம்?" என்றாள். கண்ணில் நீர். இறங்கிப் பார்த்தேன். நாயுமில்லை பேயுமில்லை. புது டயர் மட்கார்டின் உள்பக்கத்தை உரசுகிறது.

இதை இவரிடம் எப்படிச் சொல்ல?

மார்ச் 6, புதன்

விடிந்ததும் சக்கரம் துடைக்கிறார். பல் துலக்கும் பிரஷ்ஷால். என்னுடையது இல்லை என்று நம்புகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

மானம் போனது. ஐம்பதுக்கு மேல் போகக் கூடாத சாலையில், வருகிற வண்டியின் வேகத்தைக் காட்டுகிற பலகை ஒன்று உண்டு. நர்ஸ் மீட்டரில் ஐம்பதைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் போகிறாள். பலகையில் 54, பக்கத்தில் சிவப்பாக ஒரு அழுமூஞ்சி.

"நான் ஐம்பதுலதான மேடம் வந்தேன்?"

மீட்டரை இன்னும் ஒழுங்காகப் பார்த்து ஓட்டுங்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். எனக்கே கூசியது. அவளை இறக்கிவிட்டு நானே ஒருமுறை போய்ப் பார்த்தேன். என்னையும் பார்த்து அழுதது.

மார்ச் 10, ஞாயிறு

சாதாரணமாகக் கேட்பதுபோல, டயர் அளவை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். உற்சாகமாகிவிட்டார். "ரிம்மு ஒரு இஞ்ச் பெருசு. டயரு கொஞ்சம் அகலம். நடுவுல இருக்கிற அறுபத்தஞ்சு மட்டும் அப்படியே இருக்கட்டும்னுட்டேன். எல்லாத்தையும் மாத்தினா நல்லாருக்காதுல்ல?"

கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணை அளந்து, கால் புள்ளி பிசகாமல் லென்ஸ் போடுகிறவர். டயரை மட்டும் சட்டைத்துணி மாதிரிப் பார்த்து எடுத்திருக்கிறார்.

பழையது 185/65 R15. இவர் போட்டது 205/65 R16. நடுவில் இருக்கிற 65 மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். டயரின் அகலத்தில் அத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம். அகலம் கூடினால் சுவரும் தானாக வளரும். ரிம் வேறு பெரிது. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சக்கரமும் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. உரசாமல் என்ன செய்யும்? ஒரு சுற்றுக்கு முன்னைவிட அதிக தூரம் ஓடுகிறது, மீட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கையே சொல்கிறது.

ரிம் பெரிதானால் சுவர் குட்டையாக வேண்டும். மொத்த உயரம் மாறக் கூடாது. 195/55 R16 என்றால் பழைய டயருக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. இந்த ரிம்முக்கும் சரி. பாரம் தாங்கும் எண் மட்டும் பழையதைவிடக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும்.

வெள்ளிச் சக்கரம் அப்படியே இருக்கட்டும். டயரை மட்டும் இவருக்குத் தெரியாமல் மாற்றிவிட்டால்?

மார்ச் 12, செவ்வாய்

டயர்க்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "அம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்கன்னு அன்னைக்கே சொன்னேங்க. சர்ப்ரைஸ்னுட்டாரு." அளவைச் சொன்னேன். சனிக்கிழமை வந்துவிடுமாம். இந்த டயர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

நாத்தனாருக்கு போன் செய்து, சனிக்கிழமை உன் அண்ணனை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்றேன். சரி என்றாள். அதுவரை நர்ஸுக்குத் திருப்பம் கிடையாது, நேர்ரோடு மட்டும்.

மார்ச் 14, வியாழன்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் டயர்க்கடைக்காரர் போன். "சார் வந்துட்டுப் போறாரும்மா. நீங்க சொன்ன அதே அளவு. உங்களுக்குத் தெரியக் கூடாதாம். நான் இப்ப யாருக்கு மாட்டுறது?"

ஐந்து நிமிடத்தில் நாத்தனார் போன். "என்ன அண்ணி, சனிக்கிழமை அண்ணனை வெளியே கூட்டிட்டுப் போன்னு நீங்க சொல்றீங்க. காரை எடுத்துட்டு வான்னு அண்ணன் கெஞ்சுது. நான் என்ன ரெண்டாப் பிளந்துக்கவா?"

அவள்தான் முழுக்கதையும் சொன்னாள். நர்ஸ் போய் நின்றது வேறெங்கும் இல்லை, இவர் கடையில். மீட்டரில் ஐம்பது தெரிகிறது, பலகையில் ஐம்பத்துநாலு தெரிகிறது, கண்ணில் ஏதோ கோளாறு, சோதித்துப் பாருங்கள் என்று. இவரும் சோதித்திருக்கிறார். பழுதே இல்லாத கண். எந்தக் காரில் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார். பதிலைக் கேட்டதும் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உடனே உட்கார்ந்து டயர் கணக்கைப் போட்டுச் சரியான அளவைக் கண்டுபிடித்தாராம்.

பாவம் அந்தப் பெண். நான் சமாளித்த சமாளிப்பு அவளைக் கண் டாக்டரிடமே அனுப்பியிருக்கும்.

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன், அண்ணன் சொல்வதையே செய் என்று. ஆசையாகப் போட்டவர், அவரே சரிசெய்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை எனக்குத் தலைவலி.

மார்ச் 16, சனி

தலைவலி நன்றாக வந்தது. போர்த்திக்கொண்டு படுத்தேன். இவர் இரண்டு முறை வந்து மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தார். குறட்டை விட்டேன். கொஞ்சம் அதிகமோ?

ஜன்னல் இடுக்கில் பார்த்தால், நாத்தனார் காரை எடுக்கிறாள், பக்கத்து இருக்கையில் இவர் வெளியே தெரியாதிருக்க மடங்கி உட்கார்ந்திருக்கிறார். இந்த மனிதரின் முழங்கால் அத்தனை மடங்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். 195/55 R16. நான்கிலும் சேறு. பத்து நாளாகப் பிரஷ் போட்டவர், புதுசு என்று தெரியாமலிருக்கத் தொட்டி மண்ணைக் குழைத்துப் பூசியிருக்கிறார்.

மார்ச் 17, ஞாயிறு

முழுக்க ஒடித்தேன். சத்தமே இல்லை. பலகை ஐம்பது காட்டிச் சிரித்தது.

"சக்கரம் பழகிடுச்சு போல. இப்ப உரசறதே இல்ல," என்றேன் சோற்றைப் பிசைந்தபடி. உரசியதா என்று இவர் கேட்கவில்லை. "நல்ல பொருள்னா அப்படித்தான்," என்றார்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

மார்ச் 22, வெள்ளி

நர்ஸ் பாஸ். டெஸ்டில் வந்த இரண்டு திருப்பமும் தண்ணீர் மாதிரி. கீழே இறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் கோளாறு இல்லை, காரில்தான் இருந்தது என்று அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சார் அன்னைக்கே சொல்லிட்டாரு மேடம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

எல்லோரும் கூட்டு.

மார்ச் 29, வெள்ளி

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "எனக்கும் கத்துக்குடுக்கிறியா?" என்றார்.

என்ன திடீரென்று?

"சும்மாதான். எதுக்கெடுத்தாலும் தங்கச்சியைக் கூப்பிட வேண்டியிருக்கு."

ஏப்ரல் 7, ஞாயிறு

புது மாணவர். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்ய மட்டும் கால் மணி நேரம். தொழில் புத்தி. தெருமுனைக்குள் மூன்று முறை எஞ்சின் அணைந்தது. எதிர்வீட்டார் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். இவர் கண்டுகொள்ளவில்லை.

முனை நெருங்கியபோது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு நீ தூங்கலைதானே?"

"இண்டிகேட்டர் போடுங்க," என்றேன்.

போட்டார்.