அலமாரிக்கு ஒரு பூட்டு

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? இங்கே நான் நலம்.

போன வாரம் லேசாகக் காய்ச்சல் வந்து போனது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

எங்கள் அறையில் நால்வர். என் அலமாரியில் சர்க்கரை சீக்கிரம் தீர்கிறது என்று போன மாதம் பூட்டுப் போட்டேன். பக்கத்துக் கட்டில் வெல்டர் அண்ணன் ஏன் என்று கேட்டார். “ஒரு காலத்தைவிட அடுத்த காலம் மோசமாத்தான் இருக்கும்னு நபி சொன்ன ஹதீஸே இருக்கு” என்றேன்.

“அது ‘பொறுமையா இருங்க’ன்னுதானே ஆரம்பிக்குது. அதை விட்டுட்டியே” என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காய்ச்சல் அடித்த அன்று மாத்திரை அந்த அலமாரிக்குள் இருந்தது. சாவி என் தலையணைக்கு அடியில்; அது அண்ணனுக்கும் தெரியும். அவரோ கொட்டும் மழையில் நடந்துபோய்க் கடையில் மாத்திரை வாங்கி வந்தார்.

மறுநாள், “சாவியை எடுத்துத் திறந்திருக்கலாமே அண்ணே” என்றேன்.

“அப்புறம் சர்க்கரை குறைஞ்சா என் மூஞ்சியைத்தானே பார்ப்பே” என்று சிரித்தார்.

ஒரு நாளைக்கு நாலு டீ குடித்துச் சர்க்கரையைத் தீர்ப்பவன் நான்தான். அந்த ஹதீஸ் மற்றவர்களைப் பற்றியது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன், அத்தா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு போர்வை கொடுத்தனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போர்த்தியதே போதும். வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. போன கடிதத்தில் கேட்ட பெரிய பூட்டை மட்டும் அனுப்பாதீர்கள்.

உங்கள் மகன்