பொன்வண்டின் இரண்டு இறக்கைகள்

இன்று காலை பழைய குங்குமச் சிமிழைத் துடைக்க எடுத்தேன். உள்ளே அந்தப் பொன்வண்டின் இறக்கைகள் இரண்டும் அப்படியே கிடந்தன. பச்சை கொஞ்சமும் மங்கவில்லை. திருப்பினால் அரக்கு நிறம் அடிக்கிறது, உன் கூறைப்புடவை மாதிரியே.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கறிவேப்பிலை மரம்தானே வேலி. புழு இருக்கும் கொத்தை நீ பறிக்க விடமாட்டாய். "குழம்புக்கு வேற கொத்து பாத்துக்கோ, இதுல ஆள் குந்திக்கினு இருக்குது" என்பாய். அந்தப் புழு ஒருநாள் கருப்பில் மஞ்சள் பொட்டு வைத்த பட்டாம்பூச்சியாகிக் கூரையைத் தாண்டிப் போகும். நீ தறிக்கு நூல் தார் சுற்றுகிற கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாய்.

நான் தென்னேரிக்காரி. தீப்பெட்டியில் கொடுக்காப்புளித் தழை போட்டுப் பொன்வண்டு வளர்த்தவள். உன் பூச்சி போன இடம் தெரியாது, என் வண்டு செத்தாலும் நிறம் போகாது என்பேன். "செத்தப்புறம் யாருக்குடி மினுக்கிக் காட்டப்போவுது?" என்று சிரிப்பாய். பட்டாம்பூச்சியின் பொடி ஒட்டிய விரலை என் முகத்துக்கு நேரே நீட்டுவாய். "அது போயிடுச்சு. இது இருக்குது பாரு."

ஆனால் என் வண்டு செத்தபோது இறக்கைகளை எடுத்து இந்தச் சிமிழில் போட்டுக் கொடுத்தவளும் நீதான்.

நீ போன அன்று கூறைப்புடவையை உனக்குக் கட்டி அனுப்ப வேண்டும் என்றார்கள். உன் மகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அம்மா வாசனை இதில்தான் இருக்கிறது என்று அழுதாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் வைத்துக்கொள்ளத்தான் ஆசை. பொடி ஒட்டிய உன் விரல் ஞாபகம் வந்தது.

"விட்டுடும்மா. அம்மா கட்டிக்கினு போவட்டும்" என்றேன்.

அவளே உனக்குக் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வாசலில் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

இன்று நான் சிமிழைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். "இது ஏது பெரிம்மா?" என்றாள். சொன்னேன். ஓர் இறக்கையை எடுத்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"அம்மா புடவை கலரு" என்றாள்.

அதை அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இன்னொன்று என்னிடம் இருக்கிறது.

அவள் போன பிறகு கறிவேப்பிலை பறிக்கப் போனேன். கைக்கு எட்டின கொத்தில் புழு இருந்தது. எக்கி, வேறு கொத்துப் பறித்துக்கொண்டு வந்தேன்.